எண்ணும் மாலை, அணியும் மாலை

பூஜைப் பொருள் கடையில் "ஒரு ருத்திராட்ச மாலை கொடுங்க" என்று கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஜபத்துக்கா, கழுத்துக்கா?" வாங்க வந்தவர் பெரும்பாலும் விழிப்பார். இரண்டும் ஒன்று என்றே நினைத்திருப்பார். மணி ஒரே மரத்து மணியாக இருக்கலாம். ஆனால் அளவு, எண்ணிக்கை, கோக்கும் விதம், வைத்துக்கொள்ளும் முறை எல்லாமே வேறு. தூங்கும்போது கழற்ற வேண்டுமா, அடுத்தவர் தொடலாமா, அறுந்தால் என்ன செய்வது என்று மாலையைச் சுற்றி எழும் சந்தேகங்களில் முக்கால்வாசி, ஒன்றுக்குச் சொன்ன விதியை இன்னொன்றின் மேல் ஏற்றியதால் வந்தவை.

எண்ணும் மாலையிலிருந்து தொடங்கலாம். சிவன் கோயிலில் தெற்குக் கோஷ்டத்தில், அதாவது கருவறையின் தெற்குச் சுவர் மாடத்தில் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தியின் பின் வலக்கையைக் கவனியுங்கள். பல கோயில்களில் அங்கே ஒரு சிறு மாலை இருக்கும். பிரம்மாவின் கையிலும் சரஸ்வதியின் கையிலும் அதேதான். இதற்கு அக்கமாலை என்று பெயர். 'அ' முதல் 'க்ஷ' வரையிலான எழுத்துகளை மணிகளாகக் கோத்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அக்ஷம் என்றால் கண் என்று கொண்டு, உருத்திரனின் கண்ணீர் விழுந்த இடத்தில் முளைத்த மரத்தின் மணி என்பது இன்னொன்று. பழைய தமிழில் கண்மணி, கண்டிகை, அக்குமணி என்றெல்லாம் சொன்னது இதைத்தான்.

மணிக் கணக்கு 108 என்பது எல்லோருக்கும் தெரியும். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 என்பது அதிகம் சொல்லப்படும் காரணம். காரணம் எதுவானாலும் கைக்கு வசதியான எண் அது. பாதியாக்கினால் 54, கால் பங்கு 27. பையில் போட்டுக்கொண்டு போக 27 மணி மாலை போதும், நான்கு சுற்றில் 108 ஆகிவிடும். சைவ ஆசாரங்களைக் கேள்வி பதிலாகச் சொல்லும் சைவ வினாவிடை மரபில் இல்வாழ்வானுக்கு 27, துறவிக்கு 25 என்றே செபமாலைக் கணக்கு தொடங்குகிறது. இல்வாழ்வான் 54, 108 மணிகளாலும் செய்துகொள்ளலாம் என்பது அதற்கு அடுத்துத்தான் வரும். இன்று 108 இல்லாதது மாலையே இல்லை என்பதுபோல் விற்கிறார்கள்.

108 உரு, அதாவது மந்திரத்தை 108 முறை சொன்னாலும் கணக்கில் 100 என்றே வைப்பது பரவலான வழக்கம். மீதி 8, நாக்கு தடுமாறியதற்கும் மனம் ஓடியதற்கும் தள்ளுபடி. ஒரு மந்திரத்தை இத்தனை உரு என்று கணக்கு வைத்துச் சொல்லி முடிப்பது புரச்சரணம். எத்தனை எழுத்து மந்திரமோ அத்தனை லட்சம் உரு என்று அதற்கு ஒரு விதி இருக்கிறது. ஐந்தெழுத்துக்கு 5 லட்சம். ஒரு நாளைக்கு 10 மாலை, அதாவது கணக்குக்கு 1000 என்று வைத்தால் 500 நாள். ஓர் உருவுக்கு 2 விநாடி ஆகிறது என்றால் ஒரு மாலைக்கு 3 நிமிடம் 36 விநாடி, 10 மாலைக்கு 36 நிமிடம். ஒரு கோடி உரு என்று ஆர்வத்தில் சங்கல்பம் செய்பவர்கள் இதே வேகத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது: 10,000 நாள், 27 வருடத்துக்கு மேல். இஸ்கான் அமைப்பில் தீட்சை பெற்றவர்கள் தினமும் 16 சுற்று ஹரே கிருஷ்ண மகாமந்திரம் சொல்வார்கள். அது 1728 முறை. மந்திரமும் நீளம் என்பதால் பழகிய நாக்குக்கே ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

இப்படித் தினமும் விரலில் ஓடும் மாலைக்கு மணி சிறிதாக இருக்க வேண்டும். ருத்திராட்சத்தில் 7, 8 மில்லிமீட்டர் மணி பெரும்பாலோர் கைக்குச் சரியாக வரும். இந்த அளவு மணிகள் அதிகமும் இந்தோனேசியாவிலிருந்து வருபவை. நேபாள மணி 15 மில்லிமீட்டருக்கு மேல், 25 வரைகூடப் போகும். 20 மில்லிமீட்டர் மணியில் 108 கோத்தால் சுற்றளவு 2 மீட்டரைத் தாண்டிவிடும். கையில் பிடித்து உட்கார்ந்தால் பாதி தரையில் கிடக்கும். 8 மில்லிமீட்டர் மணியில் 864 மில்லிமீட்டர், முடிச்சுகளின் இடத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர். மார்புக்கு நேரே கையை வைத்தால் மாலையின் அடி மடியோடு நின்றுகொள்ளும்.

முடிச்சு இல்லாமல் கோத்த மாலைதான் கடைகளில் மலிவாகக் கிடைப்பது. ஜபத்துக்கு அது உதவாது. மணிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இரண்டு மூன்றாக நழுவும், உரசிச் சத்தம் போடும். செபமாலை மணிகள் ஓசைப்படலாகாது என்ற விதி தெரிந்தவர்களுக்கு முடிச்சு ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். நூல் அறுந்தாலும் மணி சிதறாது என்பது கூடுதல் லாபம். நாகபாசம், பிரமக்கிரந்தி, சாவித்திரி என்று முடிச்சுக்கே மூன்று வகை சொல்லப்படுகிறது. வீட்டில் கோப்பவருக்குச் சாதாரண ஒற்றை முடிச்சே போதும், சரியான இடத்தில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

8 மில்லிமீட்டர் மணி 108-க்கு ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள முறுக்கு நூல் 3 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தியோ பட்டோ இருக்கட்டும். நைலானில் முடிச்சு வழுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு முனையில் 15 சென்டிமீட்டர் விட்டு முதல் முடிச்சு. மணியை ஏற்றி அதோடு ஒட்டத் தள்ளுங்கள். பிறகு நூலில் தளர்வாக ஒரு சுருக்கு. அந்தச் சுருக்குக்குள் தடித்த ஊசி ஒன்றை விட்டு, ஊசி முனையாலேயே சுருக்கை மணியின் வாய்வரை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். மணியைத் தொட்டதும் ஊசியை உருவிக்கொண்டே நூலை இழுத்தால் முடிச்சு மணியின் ஓரத்தில் போய் உட்காரும். ஊசி இல்லாமல் கையால் இழுத்தால் முடிச்சு பாதி வழியிலேயே இறுகிவிடும், அவிழ்ப்பது பெரும்பாடு. எல்லா மணியையும் இறுக்கிக் கட்டுவது புதிதாகக் கோப்பவர்கள் செய்யும் இன்னொரு பிழை. மாலை வளையாமல் விறைத்துக்கொண்டு நிற்கும், மணி வாயில் நூல் உராய்ந்து சீக்கிரம் தேயும். மணி இலேசாக ஆடுமளவுக்கு இடம் விட வேண்டும்.

ருத்திராட்சத்துக்கு மேல் கீழ் உண்டு. சற்று மேடான நுனி முகம், காம்பு இருந்த பள்ளமான பக்கம் அடி. முகத்தோடு முகமும் அடியோடு அடியும் பொருந்தக் கோப்பது மரபு. எல்லா மணிக்கும் ஒரே எண்ணிக்கையில் முகம் (இங்கே முகம் என்பது மணியில் மேலிருந்து கீழாக ஓடும் கோடு) இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே வரும். கடைசியில் இரண்டு முனைகளையும் ஒன்றாக்கி அதில் நாயகமணியை ஏற்றி முடிந்து, குஞ்சம் கட்ட வேண்டும். மேரு என்பது இந்த மணியைத்தான். இது 109-வது மணி, எண்ணிக்கையில் சேராது. மேருவையும் சேர்த்தே 108 வருகிற மாலைகள் சந்தையில் நிறையக் கிடக்கின்றன. வாங்கியதும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

உருட்டும் முறை இது. வலது கை. நடுவிரலின் நடுக்கணுவின் மேல் மாலை தொங்க, பெருவிரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ள வேண்டும். ஆள்காட்டி விரல் படக் கூடாது. வடமொழியில் அந்த விரலுக்குத் தர்ஜனி என்று பெயர், மிரட்டும் விரல் என்று பொருள். சைவ மரபில் தள்ளும் திசைக்கும் கணக்கு இருக்கிறது: போகம் வேண்டுபவர் மேல்நோக்கி, முத்தி வேண்டுபவர் கீழ்நோக்கி. சுற்று முடிந்து மேரு வந்ததும் அதைத் தாண்டாமல் திரும்ப வேண்டும். இங்கேதான் புதியவர்கள் இடது கையின் துணையைத் தேடுவார்கள். தேவையில்லை. கடைசி மணியைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, மாலையை விரல் மேலேயே அரைவட்டம் திருப்பிப் போட்டால் கடைசி மணி முதல் மணியாகிவிடும். குஞ்சம் நீளமாக இருந்தால் இந்தத் திருப்பலில் விரலிடுக்கில் மாட்டும். 4, 5 சென்டிமீட்டருக்கு மேல் குஞ்சம் வைக்காதீர்கள்.

மாலை பிறர் கண்ணில் படாமல் மேல்துணிக்குள் வைத்து உருட்டுவது வழக்கம். வடக்கே இதற்கென்றே பசு முகம் போல் தைத்த கோமுகி என்ற பை உண்டு. ஜபத்தில் மூன்று நிலை: பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பது உரை, தன் காதுக்கு மட்டும் கேட்பது மந்தம், நாக்கே அசையாதது மானசம். ஆரம்பத்திலேயே மானசத்துக்குப் போனால் பெரும்பாலும் விரல் ஓடும், மந்திரம் ஓடாது. இருபது மணி தாண்டிய பிறகுதான் தெரியும். மந்தத்தில் தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது.

மாலையே இல்லாமலும் எண்ணலாம். காயத்ரி ஜபத்தில் பலர் கைக்கணுவைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெருவிரல் நுனியை மோதிர விரலின் நடுக்கணுவில் வைத்துத் தொடங்கி, அதன் அடிக்கணு, சுண்டு விரலின் அடி, நடு, நுனி, மோதிர விரல் நுனி, நடுவிரல் நுனி, ஆள்காட்டி விரலின் நுனி, நடு, அடி என்று போனால் பத்து. நடுவிரலில் விடுபட்ட இரண்டு கணுக்களும் மேரு. மாலையில் விலக்கிய ஆள்காட்டி விரல் இங்கே மூன்று கணுவோடு கணக்கில் வருவது வேடிக்கை.

இனி அணியும் மாலை. எந்த இடத்தில் எத்தனை மணி என்று சைவ வினாவிடையில் ஒரு கணக்கு இருக்கிறது: குடுமியிலும் பூணூலிலும் ஒவ்வொன்று, தலையில் 22, கழுத்தில் 32, புயங்களில் 16 பதினாறாக, கைகளில் 12 பன்னிரண்டாக, மார்பில் 108. ருத்திராட்ச ஜாபால உபநிடதம் கழுத்துக்கு 36, தலைக்கு 30 என்று சற்று மாற்றிச் சொல்கிறது. இந்த எண்களை மணியின் அளவோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். 12 மில்லிமீட்டர் மணி 32 கோத்தால் 38 சென்டிமீட்டர். சராசரி ஆளின் கழுத்துச் சுற்றளவும் அவ்வளவுதான். 15 மில்லிமீட்டர் மணி 12 என்றால் 18 சென்டிமீட்டர், மணிக்கட்டைச் சுற்றி வரும். உடம்பின் அளவுக்குப் பொருந்திய எண்கள் இவை. அதே உபநிடதம் நெல்லிக்காய் அளவு மணி உத்தமம், இலந்தை அளவு மத்திமம், கடலை அளவு அதமம் என்று தரம் பிரிக்கிறது. நெல்லிக்காய் அளவில் 32 கோத்தால் மாலை கழுத்தோடு நிற்காது, மார்புக்கு இறங்கிவிடும்.

கழற்றுவது பற்றியும் சைவ வினாவிடை மரபில் தெளிவு இருக்கிறது. குடுமி, காது, பூணூல் ஆகிய இடங்களில் எப்போதும் இருக்கலாம். மற்ற இடங்களில் தூங்கும்போதும் மலசலம் கழிக்கும்போதும் நோயிலும் பிறப்பு இறப்புத் தீட்டிலும் அணியலாகாது. மது, மாமிசம் விலக்கி ஆசாரத்தோடு இருப்பவர்க்கே தகுதி என்பது அந்த மரபின் நிலை. சிவபுராணத்தின் வித்யேசுவர சங்கிதை எல்லா வருணத்தாரும் பெண்களும் அணியலாம் என்கிறது. பெண்கள் அணியவே கூடாது என்று அடித்துப் பேசுபவர்கள் எந்த நூலை வைத்துப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஜபமாலையைக் கழுத்தில் போடாதே, கழுத்து மாலையை உருட்டாதே என்று பெரியவர்கள் சொல்வதில் ஆசாரத்தோடு கைவேலைக் காரணமும் உண்டு. கழுத்து மாலை வியர்வையைக் குடிக்கும், தண்ணீரில் நனையும். அதற்கு வலுவான நூலோ வெள்ளிக் கம்பியோ வேண்டும். பணம் இருந்தால் மணிக்கு மணி பூண் கட்டுவார்கள். பூணோடும் கம்பியோடும் இருக்கும் மாலை விரலில் ஓடாது. ஜபத்துக்கான மெல்லிய பருத்தி நூல் கழுத்தில் சில மாத வியர்வையிலேயே இற்றுப் போகும். செம்புக் கம்பியில் கோத்தால் வியர்வை பட்டுப் பச்சைக் களிம்பு பிடிக்கும், வளையும் இடத்தில் கம்பி முறியும்.

ருத்திராட்சம் என்பது ஒரு பழத்தின் கொட்டை. பழம் பளிச்சென்ற நீலம். சதையை நீக்கினால் உள்ளே மேலிருந்து கீழாகக் கோடு ஓடும் மணி. ஒரு கோட்டுக்கு ஒரு முகம். உள்ளே பெரும்பாலும் அத்தனை விதை அறைகள் இருக்கும். மரத்தில் காய்ப்பதில் பெரும்பகுதி ஐந்து முகம்தான், அதனால்தான் அது மலிவு. அபூர்வ முகம் என்றதும் விலை ஏறுகிறது, விலை ஏறியதும் அரமும் பசையும் வேலையில் இறங்குகின்றன. ஐந்து முகத்தில் இன்னொரு கோடு கீறினால் ஆறு முகம், ஒரு கோட்டை அடைத்தால் நான்கு முகம், இரண்டு மணியை ஒட்டினால் கௌரிசங்கரம். பாம்பும் திரிசூலமும் தானாகவே எழும்பியதாகச் சொல்லும் ஏகமுகம் செதுக்குவேலை என்று தயங்காமல் சொல்லலாம்.

நல்ல மணியில் கோடு ஒரு துளையிலிருந்து மறு துளை வரை விடாமல், கொஞ்சம் நெளிந்து, ஆழம் ஏறி இறங்கி ஓடும். கீறிய கோட்டின் அடி வழவழப்பாகவும் ஒரே ஆழத்திலும் இருக்கும். ஒரு பூதக்கண்ணாடி போதும். விலை உயர்ந்த மணி என்றால் எக்ஸ்ரே எடுத்து அறைகளை எண்ணலாம். தண்ணீரில் மூழ்கினால் அசல் என்ற சோதனையை நம்பாதீர்கள். உலர்ந்த அசல் மணி மிதக்கும், எண்ணெய் ஊறிய மணி மூழ்கும், ஈயம் நிரப்பிய போலியும் மூழ்கும். இரண்டு செப்புக் காசுக்கு நடுவில் மணி சுழலும் என்பது, மேடு பள்ளமான எந்தப் பொருளை விரலால் அழுத்தினாலும் நடப்பது. வெந்நீரில் போட்டால் ஒட்டு மணி பிரியலாம், கூடவே அசல் மணியும் வெடிக்கலாம்.

புது மணியை ஒரு நாள் முழுக்க நல்லெண்ணெயில் ஊற வைத்துத் துடைத்து எடுப்பது நல்ல பழக்கம். வறண்ட மணிதான் துளை ஓரத்தில் விரிசல் விடும். ஊறும்போது எண்ணெய் சிவந்தால் மணிக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மென்மையான பல்துலக்கியால் கோடுகளில் படிந்த அழுக்கை நீக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். சோப்பு வேண்டாம், எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். மாலை போட்டதும் ரத்த அழுத்தம் இறங்கும் என்று விற்பவர்கள் சொல்வதைக் கேட்டு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

வைணவர்களுக்குத் துளசி மணியும் தாமரை மணியும். தாமரைக் கொட்டை கறுத்து உறுதியாக இருக்கும், உழைக்கும். துளசி மணி முற்றிய தண்டைக் கடைந்து செய்வது, பிருந்தாவனத்தில் இது பெரிய கைத்தொழில். எடை குறைவு, அதே அளவுக்கு மென்மை. சோப்பு நீரில் நனைந்து காய்ந்தால் சிம்பு கிளம்பும். காய்ந்த துளசிக் கட்டைக்கு மணம் மெல்லியதாகவே இருக்கும். மாலை மூக்கைத் துளைத்தால் எண்ணெய் தடவியிருக்கிறார்கள்.

ஸ்படிகத்துக்கு 'உடம்புச் சூட்டைத் தணிக்கும்' என்று பெயர். கண்ணாடியைவிட ஸ்படிகம் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் தொட்டதும் சில்லென்று இருக்கும். சில நிமிடத்தில் அதுவும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். உள்ளே வட்டமான காற்றுக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. 8 மில்லிமீட்டர் மணி 108 கோத்தால் எடை 75 கிராமுக்குப் பக்கத்தில் வரும். துளையின் விளிம்பும் கூர். இரண்டும் சேர்ந்து நூலை அறுக்கும், ஆகவே ஆண்டுக்கொரு முறை நூல் மாற்ற வேண்டும்.

ஜபமும் இல்லாமல் அலங்காரமும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று உண்டு: கார்த்திகை முதல் நாள் ஐயப்ப பக்தர்கள் போடும் விரத மாலை. துளசியோ ருத்திராட்சமோ, 54 அல்லது 108 மணி, ஐயப்பன் டாலர். குருசாமி கையால் அணிந்தால் மலைக்குப் போய்த் திரும்பும்வரை கழற்றுவதில்லை. மேலே சொன்ன தூக்க விதி, கழிவறை விதி எதுவும் இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் இங்கே மாலை விரதத்தின் அடையாளம். கழற்றினால் விரதம் முடிந்தது என்று அர்த்தம். நெருங்கிய உறவில் சாவு நேர்ந்தால் மாலையைக் கழற்றி அந்த ஆண்டு பயணத்தை நிறுத்திக்கொள்வார்கள்.

41 நாள், காலையும் மாலையும் தலைக்குக் குளியல் என்றால் 80 தடவைக்கு மேல் நனையும் மாலை இது. பொடி நூலில் கோத்த மலிவு மாலை பாதியில் அறுவது இதனால்தான். அறுந்தால் "சாமி குத்தம்" என்று கன்னிச்சாமிகள் கலங்கிப் போவார்கள். குருசாமிகள் பொதுவாகச் சொல்வது எளிது: மணிகளைப் பொறுக்கி, கோத்து, சாமி படத்தின் முன் வைத்துச் சரணம் சொல்லித் திரும்பப் போட்டுக்கொள். இதற்கென்றே கூட ஒரு துணை மாலை போடும் வழக்கமும் இருக்கிறது. ஒன்று அறுந்தாலும் கழுத்து வெறுமையாகாது. தைப்பூசத்துக்கு மாலை போடும் முருக பக்தர்களும் இப்படிச் செய்யலாம்.

தேய்ந்த மாலையை ஆற்றில் விடுவது பழக்கம். பருத்தி நூலில் கோத்த துளசி மாலைக்கு அது சரி. நைலான் நூலும் பிளாஸ்டிக் குஞ்சமும் ஆற்றில் அப்படியே கிடக்கும், அவற்றை வெட்டி எடுத்துவிட்டு மணிகளைத் துளசி மாடத்து மண்ணில் புதைக்கலாம். ருத்திராட்சத்தைத் தூக்கிப் போட வேண்டியதே இல்லை. நூலை அறுத்து, ஒவ்வொரு மணியையும் துளை வழியே வெளிச்சத்தில் பார்த்து, விரிசல் விட்டதை மட்டும் ஒதுக்கி, மீதியை ஒரு நாள் எண்ணெயில் போட்டு எடுத்தால் திரும்பக் கோக்கலாம். ஒதுக்கிய எண்ணிக்கைக்கு அதே அளவில் மாற்று மணி கிடைக்காவிட்டால் 108-ஐ 54 ஆக்கிவிடுங்கள், மிஞ்சுவது ஆபத்துக்கு உதவும்.